சந்தை காலியாக இல்லை! - கவிஞர்கள் பார்த்த ஜெருசலேம்

ஜெருசலேம் பழைய நகரத்தின் யாஃபா வாசல். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் தாவீது கோபுரம். அதன் அருகே படியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பும் ஆள். கை கடுக்கிறது என்று இரண்டு கனமான கூடைகளையும் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு டூரிஸ்ட் கூட்டம் வந்து நிற்கிறது. கைடு இந்த மனிதரை அடையாளமாக வைத்து, அவர் தலைக்குப் பக்கத்தில் தெரியும் ரோமானியர் காலத்து வளைவைப் பார்க்கச் சொல்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள். வளைவை!

கூடைக்காரர் கவிஞராக இருந்ததால் விஷயம் அதோடு முடியவில்லை. இஸ்ரேலின் மிகப் பிரபலமான கவிஞர்களில் ஒருவரான யெஹுதா அமிகாய், 'டூரிஸ்ட்டுகள்' என்ற கவிதையில் இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை வைக்கிறார். கைடு என்றைக்கு அந்த வளைவை அடையாளமாகச் சொல்லி, அதன் பக்கத்தில் காய்கறியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பஸ்தனைக் காட்டுகிறாரோ, அன்றைக்குத்தான் விமோசனம் என்கிறார்.

ஜெருசலேம் பற்றிய நவீனக் கவிதைகளில் பாதியை இந்த ஒரு காட்சியைக் கையில் வைத்துக்கொண்டே படித்துவிடலாம். கவிஞர் வளைவைப் பார்க்கிறாரா, கூடையைப் பார்க்கிறாரா? கூடை என்றால் யாருடைய கூடை? தன் வீட்டுக் கூடையா, எதிர்வீட்டுக் கூடையா?

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. மதில் சூழ்ந்த பழைய ஜெருசலேமின் பரப்பளவு ஒரு சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. இன்று நிற்கும் மதில் 16-ம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் யூதர்களின் மேற்குச் சுவர், கிறிஸ்தவர்களின் திருக்கல்லறை ஆலயம், முஸ்லிம்களின் அல்-அக்ஸா மசூதி என மூன்று மதங்களின் உயிர்நாடி. ஒருவர் ஜெருசலேம் என்பதை இன்னொருவர் யெருஷலாயிம் என்பார், மற்றொருவர் அல்-குத்ஸ் என்பார். 'குத்ஸ்' என்றாலே புனிதம்தான்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஊர் அந்நியமில்லை. கிறிஸ்தவர்கள் ஜெருசலேம் புனிதப் பயணம் போக தமிழக அரசே நிதியுதவி தருகிறது. ஞாயிறு பள்ளியில் படித்த குழந்தைக்கு ஒலிவ மலையும் கெத்செமனே தோட்டமும் பக்கத்துத் தெரு மாதிரி பழக்கம். ஊரைப் பார்ப்பதற்கு முன்பே எல்லோர் மனசிலும் ஒரு ஜெருசலேம் கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. கவிஞர்களுக்கும் அதுதான் சிக்கல்.

அப்படி மனசுக்குள் கட்டிய ஊருக்குக் குடிபோனவர் ஒருவர் உண்டு. ஜெர்மன் மொழிக் கவிஞர் எல்ஸே லாஸ்கர்-ஷூலர். 1869-ல் பிறந்தவர். பெர்லின் காபி கடைகளில் விசித்திரமான உடைகளோடு வலம்வந்து, தன்னைக் கிழக்கத்திய இளவரசனாகக் கற்பனை செய்துகொண்டவர். 1932-ல் ஜெர்மனியின் மதிப்புமிக்க க்ளைஸ்ட் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சிக்கு வர, யூதரான அவர் ஸ்விட்சர்லாந்துக்கு ஓட வேண்டியதாயிற்று. 1934-ல் முதல்முறையாக பாலஸ்தீனம் போய்வந்து 'எபிரேயர்களின் நாடு' என்று ஒரு புத்தகம் எழுதினார். புத்தகத்தில் இருந்தது அவர் கண்ட நாடா, கனவு கண்ட நாடா என்று பிரிப்பது கஷ்டம்.

1939-ல் மூன்றாவது முறையாகப் போனார். உலகப் போர் வெடித்தது. ஸ்விட்சர்லாந்து திரும்ப வழியில்லை. எழுபது வயதில், காசில்லாமல், கனவு கண்ட நகரத்திலேயே மாட்டிக்கொண்டார். 1943-ல் ஜெருசலேமில் அவருடைய கடைசிக் கவிதைத் தொகுப்பு 'என் நீல பியானோ' 330 பிரதிகள் அச்சானது. ஜெர்மன் மொழியைக் கேட்டாலே பலர் முகம் சுளித்த காலத்தில், ஜெர்மன் மொழியில் ஒரு கவிதைப் புத்தகம்! அதில் ஜெருசலேம் பற்றிய கவிதையும் இருக்கிறது. வர்ணனை எதுவும் ஜொலிக்காது. கல்லாகிப்போன ஊர், அதில் நடக்கும் கிழவி, அவ்வளவுதான். 1945 ஜனவரியில் இறந்தார். ஒலிவ மலையில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு நகரமே இரண்டாகப் பிளந்துவிட்டது. அவர் கல்லறை ஒருபக்கம், அவரைப் படித்தவர்கள் மறுபக்கம்.

கொடியில் காயும் துணி

1948 போரில் ஜெருசலேம் பிளந்தது. கிழக்கே மதில் சூழ்ந்த பழைய நகரம் ஜோர்டான் வசம். மேற்கே புதிய நகரம் இஸ்ரேல் வசம். நடுவே முள்வேலி, கண்ணிவெடி, யாருக்கும் சொந்தமில்லாத காலி நிலம். இந்த நிலை 19 வருடங்கள் நீடித்தது.

அந்தக் காலத்தின் அபத்தத்தைச் சொல்ல ஒரு பல்செட் போதும். 1956-ல் எல்லையை ஒட்டியிருந்த நோத்ருதாம் மருத்துவமனையில் ஒரு நோயாளி ஜன்னலோரம் இருமினார். பல்செட் தெறித்து வெளியே விழுந்தது. விழுந்த இடம் காலி நிலம்! சும்மா இறங்கி எடுத்துவிட முடியுமா? இருபக்கமும் துப்பாக்கி. கடைசியில் ஐ.நா. அதிகாரிகள் தலையிட்டு, வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு கன்னியாஸ்திரிகள் போய்த் தேடி எடுத்தார்கள். கண்டெடுத்த பல்செட்டைத் தூக்கிக் காட்டும் கன்னியாஸ்திரியை டேவிட் ரூபிங்கர் படம் பிடித்தார். அது 'லைஃப்' இதழில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது.

இந்தக் காலத்தில்தான் அமிகாய் 'ஜெருசலேம்' என்ற குட்டிக் கவிதையை எழுதினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்க்கிறார். என்ன தெரிகிறது? ஆலயக் கோபுரமா, தங்கக் குவிமாடமா? இரண்டும் கவிதையில் இல்லை. ஒரு மொட்டைமாடியில் சாயங்கால வெயிலில் துணி காய்கிறது. எதிரி வீட்டுப் பெண்ணின் வெள்ளைப் படுக்கை விரிப்பு. எதிரி வீட்டு ஆணின் வியர்வை துடைக்கும் துண்டு. வானத்தில் ஒரு பட்டம். நூலின் மறுமுனையில் ஒரு குழந்தை இருக்க வேண்டும். மதில் மறைப்பதால் தெரியவில்லை.

'எதிரி' என்ற வார்த்தையை அமிகாய் எங்கேயும் மழுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாமெல்லாம் சகோதரர்கள் என்று தடவிக்கொடுக்கும் கவிதை இது கிடையாது. எதிரிதான். ஆனால், அந்த எதிரிக்கு வியர்க்கிறது. அவன் மனைவி துணி துவைக்கிறாள். அவன் பிள்ளை பட்டம் விடுகிறது. கடைசியில் இருபக்கமும் ஏராளமாகக் கொடி ஏற்றுவதைச் சொல்கிறார். நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்று அவர்களை நம்பவைக்க இவர்கள் கொடி, இவர்களை நம்பவைக்க அவர்கள் கொடி. மாடியில் காயும் துணியையும் கம்பத்தில் பறக்கும் துணியையும் ஒரே கவிதையில் வைத்துவிட்டு, எது உண்மையான துணி என்று வாசகரையே யோசிக்கவிடுகிறார்.

அமிகாயின் வாழ்க்கையும் எளிதானதில்லை. 1924-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிறந்தபோது பெயர் லுட்விக் ஃபொய்ஃபர். 11 வயதில் குடும்பத்தோடு பாலஸ்தீனம் வந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சண்டையிட்டார். 1948 போரிலும் சண்டையிட்டார். பிறகு பள்ளி ஆசிரியர். கையில் துப்பாக்கி பிடித்த ஒருவர்தான் எதிரியின் துண்டைப் பற்றி எழுதுகிறார்.

நகைச்சுவையும் அவரிடம் உண்டு. ஜெருசலேம் மேயரைப் பார்த்துப் பரிதாபப்படும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இப்படி ஓர் ஊருக்கு ஒரு மனுஷன் எப்படி மேயராக இருக்க முடியும்? கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ராத்திரியானால் மலையிலிருந்து கற்கள் ஓநாய்களைப் போல இறங்கிவந்து வீடுகளைச் சூழ்ந்துகொள்ளுமாம். கல் என்று அவர் சொல்வதில் ஒரு உள்ளூர் விவரம் இருக்கிறது. 1918-ல் பிரிட்டிஷ் ஆளுநர் ரொனால்ட் ஸ்டோர்ஸ், ஊரின் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் உள்ளூர்க் கல்தான் பதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. சாயங்கால வெயில் பட்டால் அந்த வெளிர் கல் பொன் நிறமாகும். உலகமே பாடும் 'பொன் நகரம்' பிறந்தது இந்த வெளிச்சத்தில்தான்.

காலிச் சந்தை

பொன் என்றதும் அந்தப் பாட்டு வந்தாக வேண்டும். 1967, மே 15. இஸ்ரேல் சுதந்திர தின இசை விழா. ஜெருசலேம் பற்றிப் புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்று மேயர் டெடி கோலக் விரும்ப, நவோமி ஷெமர் எழுதி இசையமைத்த 'பொன்னான ஜெருசலேம்' அன்று அரங்கேறியது. பாடியவர் ஷுலி நாதன் என்ற புதுமுகம். ஜூன் 5-ல் போர் தொடங்கியது. 7-ம் தேதி பழைய நகரம் இஸ்ரேல் வசமானது. மேற்குச் சுவருக்கு முன்னால் நின்ற வீரர்கள் இந்தப் பாட்டைப் பாடினார்கள். மூன்று வாரத்தில் ஒரு விழாப் பாட்டு கிட்டத்தட்ட இரண்டாவது தேசிய கீதமாகிவிட்டது.

பாட்டு அழகானதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். சிக்கல் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. பழைய நகரத்தின் கிணறுகள் வறண்டு, சந்தைச் சதுக்கம் ஆளில்லாமல் கிடப்பதாக அதில் வருகிறது. நாவலாசிரியர் அமோஸ் ஓஸ் இதைக் கேள்வி கேட்டார். சந்தை எங்கே காலியாக இருந்தது? அரபு மக்கள் அங்கேதானே கடை போட்டிருந்தார்கள், காய்கறி வாங்கினார்கள், பேரம் பேசினார்கள்? யூதர்கள் இல்லாத இடம் தனக்குக் காலி இடம்தான் என்ற பொருளில் ஷெமர் பதில் சொன்னார். போருக்குப் பிறகு பாட்டில் ஒரு சரணத்தைச் சேர்த்தார். அதில் கிணற்றுக்கும் சந்தைக்கும் திரும்பிவிட்டோம் என்று வரும்.

ஷெமர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆளில்லாத நகரம் என்ற படிமம் அவர் கண்டுபிடித்ததில்லை. பைபிள் படித்தவர்களுக்கு 'புலம்பல்' என்ற நூல் தெரியும். அழிந்த ஜெருசலேமை விதவையாகத் தனித்து உட்காரவைக்கும் நூல். எபிரேய மொழியில் அந்த நூலின் பெயரே அதன் முதல் சொல்தான், 'ஏகா'. ஷெமரின் பாட்டில் காலிச் சந்தை வரும் இடமும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது. இரண்டாயிரம் வருடப் பிரிவையும் அந்தப் பாட்டில் வைத்து அழுகிறார். அழுபவருக்குக் கண் மறைப்பது சகஜம். ஆனால், அங்கே நிஜமாகவே வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சமாதானம் போதுமா என்ன?

இந்தப் பாட்டுக்கு ஒரு வேடிக்கையான பின்கதையும் உண்டு. ஷெமர் 2004-ல் இறந்தார். மறு வருடம் அவருடைய கடிதம் ஒன்று வெளியானது. சாகும் தறுவாயில் நண்பருக்கு எழுதியது. பாட்டின் மெட்டு, எப்போதோ கேட்ட ஒரு பாஸ்க் தாலாட்டிலிருந்து தன்னை அறியாமல் வந்துவிட்டது என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஸ்பெயினின் வடக்கு மூலையில் குழந்தையைத் தூங்கவைத்த மெட்டு, ஜெருசலேமில் ஒரு தேசத்தைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

அதே 1967-ல் வேலியின் மறுபக்க உலகமும் பாடிக்கொண்டிருந்தது. லெபனானின் ரஹ்பானி சகோதரர்கள் எழுதி ஃபைரூஸ் பாடிய 'நகரங்களின் மலர்', அரபு உலகத்தின் ஜெருசலேம் கீதம். அதிலும் ஆலயம் வருகிறது, மசூதி வருகிறது, கண்ணீர் வருகிறது. சிரியாவின் காதல் கவிஞர் நிஸார் கப்பானியும் 'குத்ஸ்' என்றொரு கவிதை எழுதினார். பெண்களின் கூந்தலையும் மல்லிகையையும் எழுதிக்கொண்டிருந்தவரை அந்தத் தோல்வி அரசியல் கவிஞராக மாற்றிவிட்டது. அதிலும் நகரம் துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்தான். மொழி வேறு, மதம் வேறு, ஆனால் 'புலம்பல்' எல்லோர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது.

ஃபைரூஸுக்கு இன்னொரு பாட்டும் உண்டு. 'பழைய குத்ஸின் தெருக்கள்'. போருக்கு முன்பே வந்தது. 'நகரங்களின் மலர்' அளவுக்கு மேடை முழக்கம் அதில் கிடையாது. அதில் அவர் சும்மா தெருவில் நடக்கிறார். கடைகளின் முன்னால் நின்று பேசுகிறார். அங்கிருக்கும் மக்கள் அவருக்கு ஒரு பூ ஜாடி பரிசாகக் கொடுக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால், இரண்டில் எது நெருக்கமாக இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஜாடி ஜெயிக்கிறது.

நூல்கண்டு கடை

1967 போர் முடிந்து நான்கு மாதம். அக்டோபரில் யோம் கிப்பூர் வந்தது. யூதர்களுக்கு வருடத்தின் மிகப் புனிதமான நாள். முழு நாள் நோன்பு, பாவமன்னிப்பு. 19 வருடமாகப் போக முடியாத மேற்குச் சுவருக்கு ஊரே திரண்டு போகிறது.

'ஜெருசலேம் 1967' என்ற நீண்ட கவிதையின் ஒரு பகுதியில் அமிகாயும் பண்டிகை உடை போட்டுக்கொண்டு பழைய நகரத்துக்குள் போகிறார். போனவர் டமாஸ்கஸ் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அரபுக்காரரின் பொந்து மாதிரியான கடை முன்னால் நின்றுவிடுகிறார். பட்டன், ஜிப், நூல்கண்டு, ஊக்கு விற்கும் கடை. கலர் கலராக நூல். யூத ஆலயத்தில் வேதச் சுருள் வைக்கும் பேழையைத் திறந்தாற்போல அந்தக் கடை அவருக்குத் தெரிகிறது. நாள் முழுக்கத் தேடிப்போக வேண்டிய புனிதம், பத்துக்குப் பத்து கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வாய் திறந்து அவர் எதுவும் பேசுவதில்லை. மனதுக்குள்தான் பேசுகிறார். என் அப்பாவும் இதே மாதிரி கடைதான் வைத்திருந்தார். அந்தக் கடை அங்கே ஜெர்மனியில் எரிந்துபோனது, அப்பா இங்கே மண்ணுக்குள் இருக்கிறார், அதனால்தான் நான் உன் கடை வாசலில் நிற்கிறேன் என்று விளக்கம் சொல்கிறார். பேசி முடிக்கவும், நோன்பின் கடைசித் தொழுகைக்கு நேரமாகவும் சரியாக இருக்கிறது. 'வாசல் அடைப்பு' என்பது அந்தத் தொழுகையின் பெயர். கடைக்காரரும் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறார். கவிஞர் வீட்டுக்குப் போகிறார்.

அமிகாயின் கவிதைகளில் இதைவிடப் பெரிய ஜெருசலேம் கவிதை இல்லை என்று சொல்லிவிடலாம். மன்னிப்புக் கேட்கும் நாளில், மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமலே ஒரு மன்னிப்பு. அதேசமயம், கவிதையில் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. வாசலில் நிற்பவர் மனசுக்குள் இத்தனை ஓடுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் மனசுக்குள் என்ன ஓடியது? அதை எழுத அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒருவர் வர வேண்டும்.

மஹ்மூத் தர்வீஷ், பாலஸ்தீனத்தின் மகாகவி. 1941-ல் கலிலேயாவில் அல்-பிர்வா என்ற கிராமத்தில் பிறந்தார். 1948-ல் குடும்பம் லெபனானுக்கு ஓடியது. அடுத்த வருடம் ரகசியமாகத் திரும்பிவந்து பார்த்தால் கிராமமே இல்லை. ஹைஃபா, மாஸ்கோ, கெய்ரோ, பெய்ரூட், டூனிஸ், பாரிஸ் என்று அலைந்து 1990-களின் நடுவில்தான் ரமல்லாவுக்கு வந்தார். அங்கிருந்து ஜெருசலேம் சுமார் 15 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிற தூரம். ஆனால், மேற்குக் கரையில் வாழும் பாலஸ்தீனர் அந்த 15 கிலோமீட்டரைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும், செக்போஸ்ட்டில் நிற்க வேண்டும்.

அமிகாயை தர்வீஷ் கவனமாகப் படித்திருக்கிறார். ஒரே மண்ணைப் பற்றி இருவரும் எழுதுவதால் அமிகாயின் கவிதை தனக்கு ஒரு சவால் என்று வெளிப்படையாகவே சொன்னவர். நிலத்துக்கான போட்டி கொஞ்ச நேரமாவது யார் நன்றாக எழுதுகிறார்கள் என்ற போட்டியாக மாறியது.

2000-களின் தொடக்கத்தில் வந்த தொகுப்பில் தர்வீஷின் 'ஜெருசலேமில்' கவிதை இருக்கிறது. அதில் ஒருவர் பழைய மதிலுக்குள் நடந்துபோகிறார். ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு நடக்கிறார். தீர்க்கதரிசிகள் அந்த நகரத்தின் புனிதத்தைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வதைப் பார்க்கிறார். முன்னே ஆளில்லை, பின்னே ஆளில்லை. உடம்பே லேசாகி, கிட்டத்தட்ட ஒளியாகிவிடுகிறார். இங்கேயும் நகரம் காலிதானே என்று தோன்றும்போது ஒரு குரல் அதட்டுகிறது. ஒரு பெண் சிப்பாய். 'மறுபடியும் நீயா' என்கிற தொனி. தான் கொன்ற ஆள் எதிரே நடந்துவருவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சர்யம். இவரோ, சாக மறந்துவிட்டேன் என்கிறார். அவளும் அப்படி மறந்தவள்தான் என்று சேர்த்துக்கொள்கிறார். மிதந்துகொண்டிருந்தவரைத் தரைக்குக் கொண்டுவந்து, மனிதராக்கியது ஒரு எதிரியின் அதட்டல்! அமிகாய் கவிதையில் அரபுக்காரர் பேசவில்லை. தர்வீஷ் கவிதையில் யூதப் பெண் பேசுகிறாள். பேசுவது இப்படித்தான்.

கவிதைதானே, இதற்கெல்லாம் யார் பயப்படுவார்கள் என்று நினைக்கலாம். 2000 மார்ச்சில் இஸ்ரேல் கல்வி அமைச்சர் யோசி சரீத், பள்ளிப் பாடத்தில் தர்வீஷின் சில கவிதைகளைச் சேர்க்கலாம் என்றார். அதுவும் கட்டாயப் பாடமாகக்கூட இல்லை, விருப்பப் பாடமாக. நாடாளுமன்றமே கொதித்தது. ஆட்சிக்கே ஆபத்து என்கிற அளவுக்குப் போனது. அதற்கு இன்னும் காலம் கனியவில்லை என்று பிரதமர் எஹுத் பராக் சொல்லிவிட்டார். அமிகாய் அந்த வருடம் செப்டம்பரில் ஜெருசலேமில் இறந்தார். தர்வீஷ் 2008 ஆகஸ்டில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இறந்தார். ரமல்லாவில் ஒரு குன்றின் மேல் அவரைப் புதைத்தார்கள். ஜெருசலேமைப் பார்த்தபடி இருக்கும் குன்று அது.

முள்ளங்கி விற்கும் பெண்

இருவருக்கும் அடுத்த தலைமுறையிலிருந்து ஒருவர். தமீம் அல்-பர்கூத்தி. 1977-ல் கெய்ரோவில் பிறந்தவர். அப்பா பாலஸ்தீனக் கவிஞர் முரீத் பர்கூத்தி, அம்மா எகிப்திய நாவலாசிரியை ரத்வா ஆஷூர். 2007-ல் அபுதாபி டி.வி-யில் 'கவிகளின் இளவரசன்' என்று ஒரு ரியாலிட்டி ஷோ. நம்மூர் சூப்பர் சிங்கர் மாதிரி, ஆனால் கவிதைக்கு. நடுவர்கள் உண்டு, நேயர் வாக்கு உண்டு. அதில் 'குத்ஸில்' என்ற கவிதையோடு வந்தார் தமீம்.

கவிதை தொடங்குவதே திருப்பி அனுப்பப்படுவதில்தான். காதலியின் வீட்டை நெருங்கும்போது சட்டமும் சுவரும் தடுத்துவிடுகின்றன. காதலி வாழ்ந்த இடத்தின் முன்னால் நின்று கலங்குவது பழைய அரபுக் கவிதையின் ஆயிரம் வருட மரபு. அங்கிருந்து சட்டென்று கடைவீதிக்கு இறங்குகிறார். ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்து குடியேறிய காய்கறிக் கடைக்காரர், மனைவி மேல் சலிப்பு. லீவு போட்டு எங்கேயாவது போகலாமா, இல்லை வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எத்தியோப்பியாவிலிருந்து வந்த போலீஸ்காரர் சந்தைத் தெருவை மறிக்கிறார். சதுக்கத்தில் பொழுதன்னைக்கும் முள்ளங்கி விற்கும் பெண். அவள் பக்கத்தில் நின்று மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் வெள்ளைக்கார டூரிஸ்ட்டுகள்.

மறுபடியும் டூரிஸ்ட்டுகள், மறுபடியும் காய்கறி! இந்தத் தடவை கூடை எதிர்வீட்டுக் கூடை. கேமரா இந்தமுறை வளைவை விட்டுவிட்டு மனிதரை நோக்கித்தான் திரும்பியிருக்கிறது. ஆனால், முள்ளங்கிக்காரியை யாராவது பார்த்தார்களா? போட்டோவுக்கு அவளும் ஒரு வளைவுதான். அமிகாய் கேட்ட விமோசனம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை போலிருக்கிறது.

கவிதையின் முடிவும் சுவாரஸ்யம். ஊரில் இருக்கும் அத்தனை பேரையும் வரிசையாகக் காட்டிய தமீம், கடைசியில் தன் மக்களைப் பார்த்து, இத்தனை பேர் இருந்தும் என் கண்ணுக்கு நீங்கள் மட்டும்தான் தெரிகிறீர்கள் என்று முடிக்கிறார். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. ஷெமரின் காலிச் சந்தைக்கு நேர் பதில் என்றும் இதைச் சொல்லலாம். அதே சந்தையை வேறு கையால் காலி செய்கிறார் என்றும் சொல்லலாம். இழந்தவர் சொல்வதும் ஜெயித்தவர் சொல்வதும் ஒன்றாகுமா என்று ஒரு தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால், மனைவியிடம் சலித்துக்கொண்ட அந்தக் காய்கறிக்காரரை அவ்வளவு உயிரோடு எழுதிக்காட்டியவரும் இதே தமீம்தான் என்பதையும் மறக்க முடியவில்லை.

போட்டியில் அவருக்கு ஐந்தாவது இடம்தான். ஆனால், அரபு உலகம் அந்தக் கவிதையை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் போட்டிபோட்டு மனப்பாடம் செய்தார்கள். அதன் வரிகள் செல்போன் ரிங்டோன் ஆயின. ஜெருசலேம் தெருக்களில் தமீமின் போஸ்டர் தொங்கியது. அவர் படம் போட்ட சாவிக்கொத்துகள் கடைகளில் விற்றன.